லதா என்று யாரும் இல்லை

என் லாத்தாவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. நான் நலமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயந்துபோயிருக்கிறேன், லாத்தா. சோறு இறங்கவில்லை. பாப்பா பள்ளிக்கூட வேனில் ஏறிக் கையசைத்தால், திருப்பி அசைக்கக்கூடத் தோன்றாமல் நிற்கிறேன்.

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆபீசில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எம்.பி.ஏ. பரீட்சையில் காப்பியடித்தேனாம். லதா என்று ஒருத்தி அறைக்குள் ஒளிந்து உட்கார்ந்து விடை சொல்லிக் கொடுத்தாளாம். நேற்று லோடு ஏற்ற வந்த டிரைவர்கூட, "யாருக்கா அந்த லதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் என்ன சொல்வது?

அரிசிக் கம்பெனியில் நான் சேர்ந்த புதிதில் உங்களை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் பில் போடும் மேசையில், நான் எதிரே ஆர்டர் எடுக்கும் போனில். "மேடமாவது கீடமாவது. எங்க ஊட்டுப் புள்ளைங்க அக்காவ லாத்தான்னுதான் கூப்புடும். நீயும் அப்படியே கூப்புடு" என்றீர்கள். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. அன்றிலிருந்து அந்தச் சொல் எனக்கு உங்கள் ஒருவருக்குத்தான். மெஹருன்னிசா என்ற உங்கள் பெயரே எனக்கு மறந்துபோகும்.

இந்தப் படிப்பில் என்னை இழுத்துவிட்டதும் நீங்கள்தானே? மார்க்கெட்டிங் பொறுப்புக்கு வெளியூரிலிருந்து ஆள் எடுக்கப்போகிறார்கள், அவர்கள் கேட்கிற டிகிரி நம் இருவரிடமும் இல்லை என்று தெரிந்த அன்றைக்கே பேச்சை ஆரம்பித்தீர்கள். "கடைக்காரன் மனசுல என்னா ஓடுதுன்னு நமக்குத் தெரியாதா? ஒரு சர்டிபிகேட்டுதான புள்ள இல்ல? ஊட்டுல இருந்தே படிக்கலாமாம்." எனக்கு ஒன்பது வயதுப் பெண், வயல் வேலைக்குப் போகும் புருஷன். உங்களுக்குக் காலேஜில் இரண்டு பெண்கள். நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சாப்பாட்டு நேரம் இருக்கிறது என்றீர்கள்.

அப்படித்தான் படித்தோம். ஒரு போன், ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு காது. இங்கிலீஷ் வாத்தியார் வேகமாக ஓடுவார், நிறுத்தி நிறுத்திக் கேட்போம். எனக்குப் புரியாத இடத்தில், "லாத்தா, இது என்னா?" என்பேன். நீங்கள் மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, நம்முடைய கடைகளிலிருந்தே ஓர் உதாரணம் சொல்வீர்கள். வாங்குகிறவர்களின் மனசைப் பற்றிய பாடத்துக்கு நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அரிசிய எவ பாக்குறா? பையில உள்ள படத்தப் பாக்குறா. அப்புறம் பக்கத்து ஊட்டுக்காரி என்னா வாங்குனான்னு பாக்குறா." அதையே இங்கிலீஷில் எழுதி இருவரும் நல்ல மார்க் வாங்கினோம்.

மூன்றாவது செமஸ்டர் நடுவில், ஒரு வியாழக்கிழமை, தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் கிளம்பினீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். பெண்கள் மையவாடிக்கு வரும் வழக்கமில்லை என்பதால் உங்களை அடக்கிய இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. படிப்பை நிறுத்திவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பாடங்களைத் திறக்கும்போதுதான் உங்கள் குரல் எனக்குச் சரியாக நினைவுக்கு வந்தது. அதனால் விடவில்லை.

கடைசி செமஸ்டர் பரீட்சை போன மாதம் நடந்தது. வீட்டிலிருந்தேதான் எழுத வேண்டும். லாப்டாப் கேமராவில் அறை முழுவதையும் சுற்றிக் காட்ட வேண்டும். முகம் திரையை விட்டு விலகக் கூடாது. நம்மைப் பார்ப்பது கேமரா, கேட்பது மைக். பாப்பாவை அடுத்த வீட்டில் விட்டேன். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் கையால் அமர்த்திக்கொண்டிருந்தார். எல்லாக் கேள்விக்கும் எழுதினேன். நன்றாக எழுதியதாகவே நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு மெயில் வந்தது. நெடுங்காட்டுக் கடைக்கு சாம்பிள் கொடுக்கப் போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டிப் படித்தேன். அறையில் லதா என்ற வேறொரு நபர் இருந்தது ஒலிப்பதிவில் உறுதியாகிறது, நான்கு முறை அவரைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறீர்கள், அவர் யார், உங்கள் பட்டத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விசாரணைக் குழு முன்னால் விளக்கம் தர வேண்டும் என்றிருந்தது.

எந்த லதா? எனக்கு லதா என்று யாரையும் தெரியாது. வேறு யாருக்கோ வர வேண்டிய மெயில் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். லதா. லதா. மூன்றாவது தடவை அது லாத்தா என்று வந்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் கூப்பிட்டது எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் பாப்பா வகுப்புத் தேர்வில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டாள். நான் அவளை அடித்தேன். "திருட்டுத்தனம் பண்ணி வாங்குற மார்க்கு எனக்கு வேண்டாம்" என்று கத்தினேன். இப்போது மெயிலைப் பற்றி இவர் சத்தமாகப் பேசியபோது அவள் கதவோரம் நின்று கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பட்டம் போனால் போகட்டும் என்று மனசை ஒரு மாதிரி தேற்றிக்கொள்ளலாம். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்வேன்?

இவர் சொன்னார், "லாத்தா செத்துப்போன சர்டிபிகேட்ட வாங்கிக் காட்டு. செத்தவங்க எப்படி விடை சொல்லுவாங்க?" அதைக் கேட்டு உங்கள் வீட்டுப் படியேற எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் பாய் சவூதி வேலையை விட்டுவிட்டு இப்போது இங்கேதான் இருக்கிறார், தெரியுமா? விஷயத்தைச் சொன்னதும், "லதாவா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அழுதுவிட்டார். "நீயாச்சும் கூப்புடுறியேம்மா. எனக்கு இந்த ஊட்டுல அவள வாய்விட்டுக் கூப்புடவே பயமா இருக்கு" என்றார். சர்டிபிகேட்டின் நகலை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

விசாரணை போன வெள்ளிக்கிழமை காலை, திரையில் நடந்தது. மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு அம்மா. யாருக்கும் தமிழ் தெரியாது. சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன், வாயைத் திறந்ததும் எல்லாம் பறந்துவிட்டது. லாத்தா என்பது பெயரில்லை, எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்குச் சொல்லும் சொல் என்று எப்படியோ திக்கித் திக்கிச் சொன்னேன். சர்டிபிகேட்டைக் காட்டினேன். அதில் இருந்த உங்கள் பெயரையும் திரையில் இருந்த என் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இவர் உங்களுக்கு எப்படி அக்கா என்று ஒருவர் கேட்டார். அதற்கு எந்த சர்டிபிகேட்டைக் காட்டுவது?

பிறகு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். என் குரல்தான். "லாத்தா, இது எந்தப் பாடத்துல வரும்?" பிறகு, "லாத்தா, பயமா இருக்கு."

பெரியவராக இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். "நான்கு முறையும் நீங்கள் கூப்பிட்டுவிட்டுச் சில நொடிகள் பேசாமல் இருக்கிறீர்கள். திரையைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் எழுதுகிறீர்கள். யாரோ உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்."

எனக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான், லாத்தா. "நோ சார். ஐ வாஸ் வெயிட்டிங்" என்றேன். "நோபடி ஆன்சர்ட்."

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினார்.

சாயங்காலம் முடிவு வந்தது. முறைகேடு என்று எழுதவில்லை. ஆனால் விதி விதிதானாம். அந்தத் தாள் செல்லாது, வரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மறுபடி எழுத வேண்டும். இந்த முறை ஒரு சொல் கேட்டாலும், கண் ஒரு பக்கம் போனாலும், பட்டம் கிடையாது. இரண்டு வருடமும் வீண்.

பயம் இப்போதுதான் முழுசாக வந்திருக்கிறது. தெரிந்து செய்கிற தப்பு என்றால் செய்யாமல் இருக்கலாம். நேற்றுப் பாப்பாவை எதிரே உட்காரவைத்து, மூன்று மணி நேரம் ஒரு பழைய தாளை எழுதிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லாமல் எழுதிவிட்டேன் என்று நிமிர்ந்தால், அவள் மூன்று விரலைக் காட்டுகிறாள். "மூணு தடவ கூப்புட்டம்மா. உனக்குத் தெரியவே இல்ல" என்றாள். வாயில் துணி கட்டலாமென்றால் முகம் முழுதாகத் தெரிய வேண்டுமாம். எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கிறதா? பாப்பா கிட்டே வந்து, "நீ காப்பி அடிக்கலன்னு எனக்குத் தெரியும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அதனால்தான் கேட்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே இதில் கேட்டுவிடுகிறேன். வலித்ததா, லாத்தா? அந்த வியாழக்கிழமை நான் உங்களைத் தனியாக அனுப்பியிருக்கக் கூடாதோ? உங்களோடு சேர்ந்து ஆரம்பித்ததை நான் மட்டும் முடித்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று மணி நேரம் உங்களைக் கூப்பிட மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வர வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. வாருங்கள். வந்து பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

கூடப்பிறக்காத உங்கள் தங்கச்சி,
செல்வராணி
குரும்பகரம்