இரண்டாவது டிஸ்கில் இருந்த சஹன் படம்

ஜூலை 8, 2025
நாலந்தாவிலிருந்து தங்கச்சி நிஷ்மியா போன் பண்ணினாள். மகள் அம்றாவுக்கு இருபத்தேழாம் திகதி கல்யாணமாம். "வாங்க ராத்தா. ஆனா ஜஸ்லா கல்யாணத்துல நான் சாப்பிடாமப் போனேன்னு பதினெட்டு வருஷமா சொல்றீங்களே, அது பொய்னு ஒத்துக்கிட்டு வாங்க."

பொய்யா? 2007 ஜூன் 17. என் மகள் ஜஸ்லாவின் கல்யாணம். நிஷ்மியா நீலச் சாரி. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் ஒரு பிடி சோறு தொடாமல் வேனில் ஏறினாள். மறப்பேனா?

ஜூலை 9
படத்தைக் காட்டி அவள் வாயை அடைக்க வேண்டும். என்னவர் சாலிஹ் எடுத்த படமெல்லாம் அவருடைய பழைய கம்ப்யூட்டரில். அவர் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்து ஆறு வருடம், பெட்டி துணி மூடிக் கிடந்தது. த்ரீவீலில் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுபோய் ரிப்பேர் கடை ஷிஃபானிடம் கொடுத்தேன். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில்தான் கம்ப்யூட்டர் ஓடும், மற்றதில் படங்கள்.

ஜூலை 12
"மாமி, கழற்றித் தூசி தட்டித் திரும்பப் பூட்டினேன். கம்ப்யூட்டர் ரெண்டு டிஸ்கையும் காட்டல்ல. செத்துருச்சு போல."

செத்துருச்சாம்! 1994இல் இவன் வாப்பாவும் என் ரேடியோவை இப்படித்தான் கெடுத்துத் தந்தார்.

ஜூலை 13
படம் இல்லையென்றால்? நிஷ்மியா சிரிப்பாள்.

ஜூலை 15
கடையில் போய் நின்றேன். "என்னென்ன செஞ்சே, ஒண்ணு விடாமச் சொல்லு."

"ஒண்ணுமில்ல மாமி. படம் இருக்கிற டிஸ்குக்குப் பின்னால ஊசியில போடுற குட்டித் தொப்பி, ஜம்பர், கழண்டு போயிருந்திச்சு. புதுசு ஒண்ணு போட்டேன்."

கழண்டதா? முள் எடுக்கும் என் இடுக்கியால் என்னவர்தான் அன்று பிடுங்கினார். இடுக்கி வளைந்து நான் சண்டை பிடித்தேன். அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "ஒரே பட்டை வயர்ல ரெண்டு டிஸ்க். தொப்பி வச்சது மூத்தது, வைக்காதது இளையது. ரெண்டுக்கும் வச்சா கம்ப்யூட்டர் ஒண்ணையும் பாக்காது."

சொன்னதும் ஷிஃபான் நெற்றியில் அடித்துக்கொண்டான். "இப்ப வர்ற டிஸ்குக்கு இதெல்லாம் இல்லயே மாமி, மறந்தே போனேன்." தொப்பியைப் பிடுங்கினான். நான் சலவாத்து ஓதினேன். இரண்டும் வந்தன.

"உங்க ஞாபகத்துக்கு முன்னால இந்த டிஸ்கெல்லாம் என்ன மாமி!"

படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். நீலச் சாரி. சரி. நில்லு என்றேன். சஹனைச் சுற்றி ஆறு பெண்கள். நிஷ்மியாவின் கை சோற்றுக்குள். அவள் பக்கம் இறைச்சித் துண்டைத் தள்ளி வைக்கிற கை —

என் கை.

"இதுவா மாமி தேடினது? போனுக்கு அனுப்பவா?"

மூன்றாம் தரம்தான் என் நம்பரைச் சரியாகச் சொன்னேன்.

ஜூலை 16
அப்போ வேனில் ஏறினது யாரு? என் கண்ணால பாத்தேனே. பாத்தேனா?

ஜூலை 20
டிஸ்க் செத்துருச்சுன்னு சொல்லிடலாம். ஷிஃபான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூலை 23
ஜஸ்லா கேட்டாள், "உம்மா, நிஷ்மியா சாச்சி சாப்பிட்டாங்களா இல்லயா?" தண்ணீர் கொதிக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பே மூட்டியிருக்கவில்லை.

ஜூலை 28
நேற்று நாலந்தா போனேன். வாசலிலேயே, எல்லோர் முன்னாலும், போனை நிஷ்மியாவிடம் நீட்டினேன். "நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "அந்த இறைச்சி வேகவே இல்ல ராத்தா. உங்க மூஞ்சிக்காக முழுங்கினேன்."

வேகலியாமே! காலை ஐந்து மணிக்கே அடுப்பில் ஏற்றிய இறைச்சி. எனக்கு நல்ல ஞாபகம்.

இந்த முறை அதை நான் முழுங்கினேன். உள்ளே போனேன்.