சுவிட்ச் ஒன்றில் இருந்தது

ஜூலை 18, வியாழன்

ஹாம் ரேடியோ அறையில் இருந்தது மூன்று பேர்: நான், அவுக, மீன் கொண்டு வந்த நாத்தனார் ஜெசிந்தா.

சாயங்காலம் வழக்கம்போல பக்கத்து ஊர் மண்டபத்து மேரியக்காவை மைக்கில் கூப்பிட்டேன். ஆன்டெனாவுக்குப் போகிற பவரைக் காட்டும் மீட்டர் முள் அசையவே இல்லை.

"உப்புக்காத்து கேபிளைத் தின்னுருச்சு. நான் இறங்கி வார வரைக்கும் மைக்கை அமுக்காத" என்று அவுக மாடிக்குப் போனாக.

கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் அக்கா குரல் வந்தது. "நீ கூப்பிட்டது கணீர்னு கேட்டுச்சே, ஏன் பேசாம இருக்க?"

அப்போதுதான் மீட்டரைக் குனிந்து பார்த்தேன். எங்களுக்கு ஆன்டெனா இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். மீட்டர் மட்டும் ஒன்றே ஒன்று. எந்த சென்சாரைக் காட்டணுமோ அதற்கு சுவிட்சைத் திருப்பணும். மண்டபத்துக்குப் பேசும் கிட்டத்து ஆன்டெனா இரண்டாம் எண். சுவிட்ச் ஒன்றில் இருந்தது.

மாடிக்கு ஓடினேன். அதற்குள் நல்ல கேபிளை வெட்டிட்டாக.

"டப்பா பொய் சொன்னா கேபிளையா வெட்டுவாக, அண்ணே?" என்றாள் ஜெசிந்தா.

"நேத்து தூரத்து ஆன்டெனாவுல பேசிட்டு நாந்தேன் மாத்தாம விட்டுட்டேன்" என்று அவுகளும் சிரிச்சாக. புதுசா இணைப்பு போட்டு, சுவிட்சை இரண்டுக்குத் திருப்பியதும் முள் நன்றாக எழுந்தது. மீன் குழம்பும் ருசியாக அமைந்தது.

ஆனால் இன்று காலையில் நான் பார்த்தபோது சுவிட்ச் இரண்டில்தான் இருந்தது. ஜெபம் முடித்து, தூரத்து ஆன்டெனாவைச் சோதிக்க ஒன்றுக்குத் திருப்பியது நான்.

மாதாவே, அவுககிட்ட நாளைக்கே சொல்லிரவா, சிரிச்சதோட விட்டுரவா? சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்க தாயே.