முதல் இரண்டு வார்த்தை

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
7 மார்ச் 2005

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மதினியும் வாப்பாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்று என் ஆபீஸ் விலாசத்துக்கு உங்களிடமிருந்து பதினோரு மின்னஞ்சல்கள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் ரிப்போர்ட்டைக் கேட்டு அடிக்கிறேன். இடது காதில் டாக்டர். வலது காதில் ஸ்கிரீன் ரீடர், நான் அடிப்பதைத் திருப்பிச் சொல்லும். கண் உள்ளவர்களுக்குப் புதிய அஞ்சல் வந்தால் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து போகும், பார்க்காமல் விட்டுவிடலாம். எனக்கு அப்படியில்லை. ஸ்கிரீன் ரீடர் சொல்லிக்கொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் என் காதுக்குள் வாசிக்கும். நீங்களோ கடிதம் முழுவதையும் தலைப்பிலேயே எழுதுகிறீர்கள். அதுவும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து. அதை ஒரு வெள்ளைக்காரன் குரலில் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

இன்று டாக்டர் ஒரு மருந்தைப் பதினைந்து மில்லிகிராம், ‘ஃபிஃப்டீன்’, என்றார். அதே நொடியில் நீங்கள் வெள்ளிக்கிழமை விருந்துக்கு ‘ஃபிஃப்டி பீப்பிள்’ என்று வலது காதில் வந்து நின்றீர்கள். நான் ஐம்பது என்று அடித்துவிட்டேன். சரிபார்க்கும் அம்மாள் கண்டுபிடித்தார், இல்லையென்றால் ஒரு மனுஷன் மாத்திரையால் போயிருப்பான். சூப்பர்வைசர் கூப்பிட்டு இதுதான் முதலும் கடைசியும் என்றார். வேலையில் எனக்கு இன்னும் சோதனைக் காலம்தான், காக்கா.

தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஷஹீமா


கேட்டி, டெக்சாஸ்
8 மார்ச் 2005

அன்புத் தங்கச்சி ஷஹீமாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் எழுதுவதே தொல்லை என்ற நிலைமைக்கு வந்துவிட்டாய், மாஷா அல்லாஹ்.

சத்தம் வேண்டாம் என்றால் அணைத்துவிட வேண்டியதுதானே? இத்தனை படித்தவளுக்கு அது தெரியாதா? உன் வீட்டு விலாசத்துக்கு எழுதினால் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறாய். மொபைலை ஆபீஸில் அணைத்து வைக்கிறாய். பிறகு நான் எப்படித்தான் உன்னை எட்டுவது? கண் தெரியாத தங்கச்சியை நாலு மணி நேரத் தொலைவில் தனியாக ஒரு அபார்ட்மெண்டில் விட்டுவிட்டு இவன் இங்கே மாளிகையில் இருக்கிறான் என்று பேசுகிறார்கள். பேச்சு வாங்குவது நான். இங்கே உனக்கென்று ஒரு அறை காலியாகக் கிடக்கிறது.

வாப்பாவுக்குப் புதுப் பல்செட் பொருந்தவில்லை. கழற்றிக் கழற்றி டம்ளரில் போடுகிறார். நேற்று உன் மதினி லத்தீஃபா தெரியாமல் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போனாள். இதையும் சொல்லக்கூடாது என்றால் சொல்லவில்லை.

உன் காக்கா
நூர் அகமது


ரிச்சர்ட்சன்
10 மார்ச் 2005

காக்காவுக்கு, ஸலாம்.

அணைக்க முடியாது. அவசர ரிப்போர்ட்டுகள் அதே வழியில்தான் வருகின்றன. பத்து நிமிஷத்துக்குள் எடுக்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். ஒருவருடைய அஞ்சலுக்கு மட்டும் சத்தத்தை நிறுத்த வழி இருக்கிறது. ஒரு விதி எழுதி வைத்தால் போதும். வாப்பா உங்கள் வீட்டில் இருப்பதால் அதை எழுதாமல் இருக்கிறேன்.

நான் செய்வது இவ்வளவுதான்: அறிவிப்பு பேசத் தொடங்கியதும் கண்ட்ரோல் விசையைத் தட்டுவேன், வாயை மூடிக்கொள்ளும். அதற்குள் அனுப்பியவர் பெயரும் தலைப்பில் முதல் இரண்டு வார்த்தையும் காதில் விழுந்துவிடும். எனவே சொல்ல வேண்டியதை முதல் இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள். மீதியை உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், ஓய்வாகப் படிக்கிறேன்.

இன்னொன்று. போன மாதம் என் ஆபீஸுக்குப் போன் செய்து, என்னை யாராவது பாத்ரூமுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்களா என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறீர்கள். அந்த அம்மாள் அன்றிலிருந்து என்னிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறார். இன்னொரு தடவை அந்த நம்பருக்குப் போன் போட்டால் நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை, நீங்கள் எனக்குக் காக்கா இல்லை. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

வாப்பாவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.

ஷஹீமா


தலைப்பு: வாப்பா மவுத்

கேட்டி
18 ஏப்ரல் 2005

தங்கச்சிக்கு,

உத்தரவுப்படி இரண்டே வார்த்தை போட்டிருக்கிறேன், திருப்திதானே? பல்செட் உரசி உரசி வாப்பாவுக்கு வாயெல்லாம் புண். கஞ்சிதான் இறங்குகிறது. பல் டாக்டர் மவுத் வாஷ் கொடுத்தார், அதை வாப்பா காறித் துப்பிவிட்டு, இதைவிட உப்புத் தண்ணீர் மேல் என்கிறார். தினமும் நிலைமையைத் தெரிவிக்கிறேன். அதையும் தொல்லை என்று சொல்லிவிடாதே.

நூர் அகமது


தலைப்பு: வாப்பா மவுத்

கேட்டி
26 ஏப்ரல் 2005

ஷஹீமா,

இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். காலை எட்டே காலுக்கு வாப்பா போய்விட்டார். பஜ்ர் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா, அடக்கம். டல்லாஸிலிருந்து மணிக்கொரு விமானம் இருக்கிறது. உடனே கிளம்பு. உன் மொபைல் அணைந்திருக்கிறது.

நூர் அகமது


கேட்டி
29 ஏப்ரல் 2005

ஷஹீமா,

ஸலாம் எழுத மனம் வரவில்லை. நீ போன் செய்தபோது நான் பேசாமல் வைத்தது வேண்டுமென்றுதான்.

காலை ஒன்பது இருபதுக்கு உனக்குத் தகவல் அனுப்பினேன். நீ சொன்ன விலாசத்துக்கு, நீ சொன்னபடி, முதல் இரண்டு வார்த்தையில். அதைவிடச் சுருக்கமாக ஒரு மரணத்தை எவன் சொல்வான்? அஸர் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்ருக்குக் கொண்டுபோகும் முன் முகம் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கலாம் என்று இமாம் சொன்னார். மகள் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். தகவல் போய்ச் சேர்ந்தது, அவள் வரவில்லை என்று சொன்னேன். ஊரிலிருந்து மாமி போன் செய்தார், அவரிடமும் அதையே சொன்னேன். உண்மை அதுதானே?

உன் வேலை நன்றாக நடக்கட்டும்.

நூர் அகமது


ரிச்சர்ட்சன்
1 மே 2005

காக்காவுக்கு,

உண்மை அது இல்லை.

‘நூர் அகமது, வாப்பா மவுத்’ என்று கேட்டது. கேட்டேன், கண்ட்ரோல் விசையைத் தட்டினேன், வேலையைத் தொடர்ந்தேன். ஒரு குழந்தையின் காது ஆபரேஷன் ரிப்போர்ட். எந்த வரியில் இருந்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

நீங்கள் எழுதியது நம் மவுத். என் காதில் விழுந்தது அவர்கள் மவுத். எம், ஓ, யு, டி, ஹெச், இரண்டுக்கும் நீங்கள் அடித்தது ஒரே எழுத்து. அந்த வெள்ளைக்காரக் குரலுக்கு மரணம் தெரியாது, வாய்தான் தெரியும். அதற்கு முந்தைய எட்டு நாளில் அதே தலைப்பில் ஏழு அஞ்சல் அனுப்பியிருந்தீர்கள், ஏழும் வாய்ப்புண். எட்டாவது மட்டும் ஜனாஸா என்று நான் எப்படி அறிவேன்? மதியம் திறந்து படித்திருக்கலாம். படிக்கவில்லை. இன்னொரு டம்ளர் கதை கேட்க அன்று எனக்குப் பொறுமை இல்லை. அந்தத் தப்பு என்னுடையது, அதை நான் சாகும்வரை சுமப்பேன், நீங்கள் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் மொபைலைத் திறந்தேன். மதினியின் அழுகைதான் முதலில் கேட்டது. அந்நேரம் நீங்கள் வாப்பாவை மண்ணுக்குள் வைத்துவிட்டீர்கள். கண் தெரிந்தவர்கள் முகம் பார்ப்பார்கள். நான் வாப்பாவின் கன்னத்தில் கை வைத்துப் பார்த்திருப்பேன். அது எனக்கு இனி இல்லை.

தெரிந்தும் வராதவள் என்று என்னை நாலு பேர் முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். இங்கே ரிச்சர்ட்சன் பள்ளிவாசலில் ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடித்து, “என்னம்மா, வாப்பா ஃப்யூனரலைவிட ஜாப் பெருசா போச்சா?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நடந்தது என்ன என்று எல்லோருக்கும் எழுதுங்கள். மாமிக்கும் எழுதுங்கள். உங்களிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

ஷஹீமா


கேட்டி
20 மே 2005

ஷஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், அழிக்கிறேன்.

லத்தீஃபா உன் கடிதத்தைப் படித்தாள். படித்துவிட்டு, “நீங்க எழுதுறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?” என்று கேட்டாள். அதனால் நானே எழுதுகிறேன்.

அன்று காலை உன் ஆபீஸ் நம்பர் என் முன்னாலேயே இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் லத்தீஃபா எழுதி ஒட்டியிருக்கிறாள். “அந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க, அவ கோபத்தை அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். போனைக் கையில் எடுத்தேன். எடுத்தவன், “அவதானே ரூல் போட்டா, ரூல்படியே போகட்டும்” என்று வைத்துவிட்டேன். வாப்பா உள் அறையில் கிடக்கிறார், நான் உன்னோடு கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தேன். வராமல் போனால் அப்போது தெரியும் இவளுக்கு என்ற நினைப்பு ஒன்று வந்தது. வந்ததை மறைக்கவில்லை. மதியம் உன்னிடமிருந்து பதில் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த நம்பரைத் தொடவில்லை. எத்தனை தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டாலும் அது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஜூன் நாலாம் தேதி, சனிக்கிழமை, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. நீ வர வேண்டும். விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். ஆனால் இது உனக்கும் எனக்கும் இடையே இருக்கட்டும். இங்கே நாலு பேர் என்னை மதித்துப் பள்ளிவாசல் கமிட்டியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் போனால் உன் விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். என் விஷயத்தை மறக்க மாட்டார்கள்.

உன் காக்கா
நூர் அகமது


ரிச்சர்ட்சன்
22 மே 2005

காக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உண்மையைச் சொன்னதற்கு அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். படித்துவிட்டு ஒரு மணி நேரம் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே எல்லோருக்கும் அனுப்ப எனக்கு ஒரு விசை போதும். அனுப்ப மாட்டேன். அது உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். கமிட்டியையும் ஃப்ரிட்ஜையும் பற்றிச் சொல்ல வேண்டாம். “ஷஹீமாவுக்குத் தகவல் சரியாகச் சேரவில்லை, தப்பு என்னுடையது” என்று ஒரு வரி போதும். அந்த வரி வந்தால் வருகிறேன். வராவிட்டால் அந்த வீட்டில் ஐம்பது பேர் நடுவில் என்னால் தலை குனிந்து உட்கார முடியாது. வாப்பாவுக்காகக்கூட முடியாது.

நாலாம் தேதி மதியம் பன்னிரண்டு மணி வரை காத்திருப்பேன்.

ஷஹீமா


ரிச்சர்ட்சன்
5 ஜூன் 2005

காக்காவுக்கு,

நேற்று எனக்கு விடுமுறை. ஆனாலும் உங்கள் அஞ்சல் அங்கேதான் வரும் என்று காலை எட்டு மணிக்கு டாக்ஸி பிடித்து ஆபீஸுக்குப் போனேன். பெட்டியும் கூடவே. இரண்டு மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். சனிக்கிழமை ஆட்கள் நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் என் இடத்தில் வேலை எதுவுமில்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் பெயர் கேட்டால் முழுவதையும் கேட்க வேண்டும் என்று கையை விசைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பதினொன்று பத்துக்கு அது உங்கள் பெயரைச் சொன்னது. எல்லோருக்கும் அனுப்பியிருந்தீர்கள். பெறுபவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். முப்பத்தொரு பேர், மாமியின் மகனும் இருந்தார். யாசீன் ஓதுவது எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, தெருவில் நிறுத்த இடமில்லாவிட்டால் காரை எங்கே நிறுத்துவது என்பது வரைக்கும் எழுதியிருந்தீர்கள். வெள்ளைக்காரக் குரல், எங்கேயாவது விழுங்கியிருக்கும் என்று நினைத்தேன். திரும்ப வாசிக்க வைத்தேன். மூன்றாவது தடவை எழுத்து எழுத்தாக வாசிக்க வைத்தேன். கார் நிறுத்த நாலு வரி இருந்தது, காக்கா. நான் கேட்ட ஒரு வரி இல்லை.

பன்னிரண்டரை வரை இருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து நானே யாசீன் ஓதி வாப்பாவுக்கு துஆ கேட்டேன். மதினி மாலையில் போன் செய்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, சொல்லிவிடுங்கள்.

இன்று மறுபடியும் ஆபீஸுக்கு வந்தேன். இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கும் முன் உங்களுக்கான விதியை எழுதிவிட்டேன். நூர் அகமதிடமிருந்து வருபவை சத்தமில்லாமல் அஞ்சல் பெட்டியின் ஒரு தனி அறைக்குப் போக வேண்டும், எனக்கு அறிவிக்க வேண்டாம். எழுதி முடித்ததும், ஏற்கெனவே வந்துள்ள கடிதங்களுக்கும் இதைப் பொருத்தவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

ஷஹீமா