நூலில் தொங்கிய காந்தம்

உன் அம்மா பாடன் நகரிலிருந்து ரயிலேறி வந்து உன் கருவிப்பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். போன மாரியில் நீ கண்மூடிய பிறகு அவர் அதைத் தொடவேயில்லையாம். "அவளின்ர சாமான், உனக்குத்தான் உதவும்" என்றார். திறந்ததும் எந்திர எண்ணெய் வாசம். அடித்தட்டில், மஞ்சள் நூலில் கட்டிய பொட்டளவு காந்தம். அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரிம்பாக் ஊர்க் கோவிலில் உன் கையில் கட்டிய நூல் அது. அறுந்தாலும் காலில் மிதிபடக்கூடாது என்று நீ எறியமாட்டாய். "சும்மா கிடக்காமல் இதுவும் வேலை செய்யட்டும்" என்று காந்தத்தைக் கட்டினாய். ஆய்வுகூடத்துக்கு வரும் ஒவ்வொரு திருகாணியையும் அதன் அருகே பிடித்துப் பார்ப்பாய். நூல் அசைந்தால் அந்த ஆணி குப்பைக்கு. நான் உன்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்.

நீ பட்டறையில் உலோகம் கடைந்தாய். நான் குவாண்டம் கணினிக்கான சில்லை வடிவமைத்தேன். வெளியிலிருந்து வரும் துளி இரைச்சல், ஒரு மெல்லிய காந்தப்புலம்கூட, அதன் கணக்கைக் கலைத்துவிடும். இரைச்சலைத் தாங்கும் என்று நான் மூன்று வருடம் மாய்ந்து வரைந்த சில்லு, அதை உறைகுளிரில் இயக்கும் குளிரூட்டியில் வைத்ததும் பழையதைவிட மோசமாக நடந்துகொண்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைக் கைவிடப் போவதாகப் பேச்சு. சோறு இறங்காமல் திரிந்தேன்.

"எடி, கைவிட முதல் ஒருக்கால் திறந்து பாப்பமோ?" என்றாய். திறப்பதற்குக் குளிரூட்டி சூடேற வேண்டும், அதற்கு இரண்டு நாள் பிடித்தது. நீயும் கூடவே இருந்தாய். சில்லை மூடிய பெட்டியின் மூன்றாவது ஆணியருகே நூல் அசைந்தது. பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்பு. பூட்டும்போது ஒரு ஆணி கைதவறி விழ, அவசரத்தில் உன்னிடம் காட்டாமல் மேசை டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டது நான்தான்.

நீ சிரிக்கவில்லை. ஆணியை என் உள்ளங்கையில் வைத்தாய். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீயே சொல்லு. சொன்னாத்தான் உன்ர சில்லை நம்புவினம்."

கூட்டத்தில் சொன்னேன். இன்னொரு தடவை குளிரூட்ட அனுமதி தந்தார்கள், சில்லு தாங்கியது. இன்று நான் பார்க்கும் வேலை அதனால் வந்தது. உனக்கு வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. நோய் உன்னை விடாது என்று தெரிந்த பிறகும் ஆஸ்பத்திரியில் உன்னைச் சிரிக்கவைக்கப் பகிடிதான் விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், நன்றியடி.

நேற்று புதுச் சில்லின் அளவீடுகள் பிழையாக வந்தன. குழுவில் ஒருவர் வேலையை ஒருவர் குறை சொல்லத் தொடங்கினார்கள். "முதலில் நான் பூட்டியதைத் திறந்து பார்ப்போம்" என்றேன். குளிரூட்டி சூடேறிக்கொண்டிருக்கிறது. நாளை உன் நூலைக் கொண்டு போகிறேன்.