பின்வாசல் ஓட்டையை நான் அடைத்த வருஷம்

இன்று காலை பின்வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் கோடையில் ஒட்டியிருந்த சாம்பல் நிற டேப்பைப் பிய்த்தேன். ஆறு மாத வெயிலில் பசை உருகி சிமெண்டோடு ஒன்றாகிக் கிடந்தது. கத்தியால் சுரண்டச் சுரண்ட, வெந்த ரப்பர் வாசனையும் அடியிலிருந்து சாக்கடை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. உடனே நீ வந்துவிட்டாய். சாக்கடை நாற்றத்தில் எனக்கு ஞாபகம் வருகிற ஒரே ஆள் நீதான். கோபித்துக்கொள்ளாதே.

போன நவம்பர் வரை இது உன் வேலை. ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் சமையல் கத்தியுமாக நீ வந்து நிற்பாய், என் வீட்டு டேப்பை நீயே பிய்ப்பாய். இந்த மார்ச்சில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தவள் நீ எழுந்திருக்கவில்லை. நீ இல்லாத முதல் குளிர்காலம் இது. அதனால் கத்தி என் கைக்கு வந்தது.

முதல் முறை என் வீட்டுக்கு வந்த அன்று நீ என்ன கேட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? இந்த வளைகுடா நகரத்தில், அல் கூஸ் பகுதியில், இந்தப் பழைய காம்பவுண்டுக்கு நாங்கள் குடிவந்த வாரம். பக்கத்து வீட்டுக்காரி, நாகர்கோவில், கட்டுமானக் கம்பெனியில் வரைபடங்களை வாங்கி அடுக்கி வைக்கிற வேலை, கணவர் பக்கத்து நாட்டில், அல் கோபாரில் என்று உன்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். டீயா காபியா என்று நான் உள்ளேயிருந்து கேட்கிறேன். நீ பின்வாசலில் நின்றுகொண்டு, "ஏட்டி, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போவுது?" என்றாய்.

"எந்தத் தண்ணி? ஒரு சொட்டு இல்லையே இங்க."

"வரும்லா. வந்தா எங்க போவும்?"

மதுரைக்காரியான எனக்கு அந்த 'ஏட்டி' சண்டைக்கு இழுப்பது மாதிரி இருந்தது. கேள்வியோ அதைவிட விசித்திரமாக இருந்தது. பாலைவனத்தில் வந்து நின்றுகொண்டு தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிற ஒருத்தியை என்னவென்று எடுத்துக்கொள்வது? சரியான கிறுக்கு என்று அன்று இரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரே மாதத்தில் அந்தக் கிறுக்கிடம் என் வீட்டுச் சாவி இருந்தது, அவள் சாவி என்னிடம் இருந்தது.

அந்த டேப் கதையைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை. தரைத்தள வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் ஜூன் மாதத்தில் ஒரே தொல்லை. ஓட்டை வழியாகக் கரப்பான்பூச்சி படையெடுக்கும். மழையைப் பற்றி அப்போது யார் நினைக்கிறார்கள்? ஓட்டையின் மேல் டேப்பை நாலு சுற்று ஒட்டி, அதன் மேல் பச்சை பிளாஸ்டிக் புல் பாயை விரித்துவிட்டால் கரப்பானும் இல்லை, நாற்றமும் இல்லை, பார்க்கவும் லட்சணம். அந்தக் கோடையில் நானும் அதைச் செய்தேன். நீ அப்போது அல் கோபாருக்குப் போயிருந்தாய். திரும்பி வந்து, "புல்லு நல்லா இருக்குட்டி" என்றாய். அடியில் என்ன இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. எதையும் தோண்டித் துருவுகிற உனக்கு அது மட்டும் எப்படித் தவறியது?

அந்த டிசம்பரில் நாங்கள் ஊருக்குக் கிளம்பினோம். எனக்கு அப்போதுதான் இங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. ஜனவரி முதல் வாரம் அசல் சான்றிதழ்களைக் கொண்டுவந்து காட்டினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். முத்திரைக்கு மேல் முத்திரை குத்தி, மதுரைக்கும் சென்னைக்கும் தூதரகத்துக்கும் அலைந்து, அந்தக் காகிதங்கள் என் கைக்கு வர எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒன்பது வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு அவை என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தில் எடுத்துப் போனால் தொலைந்துவிடுமோ என்று பயந்து, அலமாரியின் அடித்தட்டு டிராயரில் வைத்துப் பூட்டினேன். கிளம்பும்போது உன்னிடம் சொன்னேன். "டிராயர் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்குடி. வீடு பத்திக்கிட்டா அத மட்டும் எடு, மத்ததெல்லாம் எரியட்டும்."

"பத்தாது. நனையும்," என்றாய். என்ன வாய் உனக்கு.

நனைந்தது. மதுரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனில் படங்கள் வந்தன. நாம் தினமும் நடக்கிற ரோட்டில் கார்கள் பாதி மூழ்கி நின்றன. உன்னைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மத்தியானம் முழுக்க எடுக்கவில்லை. சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். குரல் கட்டிப் போயிருந்தது.

"ஒண்ணும் இல்லட்டி. வீட்டுக்குள்ள கொஞ்சம் தண்ணி. ஒன் சர்டிபிகேட்டு எங்கிட்ட பத்திரமா இருக்கு. நீ லீவ முடிச்சிட்டு மெதுவா வா."

நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன் வீடு என்ன ஆனது என்று கேட்டேனா? கேட்கவில்லை. இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் கேட்ட மாதிரியே ஞாபகம் இல்லை.

திரும்பி வந்து பார்த்தால் கட்டில் பலகை அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. சோபா போச்சு. வாஷிங் மெஷின் போச்சு. வீட்டு ஓனரின் ஆபீசில் கேட்டதற்கு, இன்சூரன்ஸ் கட்டடத்துக்குத்தான், உள்ளே இருக்கிற சாமானுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று சிரித்த முகத்தோடு அனுப்பினார்கள். நானோ சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு மூலை மட்டும் ஈரம் பட்டிருந்தது. அந்த மூலையில் இன்னமும் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது.

உன் வீட்டில் நீ தரையில் உட்கார்ந்து, கல்யாண ஆல்பத்தின் பக்கங்களுக்கு நடுவே டிஷ்யூ பேப்பரைச் சொருகிக்கொண்டிருந்தாய். மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. பக்கங்கள் பிரிய மறுத்தன. பிரிந்த இடத்தில் முகங்கள் உரிந்து வந்தன. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் இறந்துபோன உன் அப்பா கடைசியாகப் படமெடுத்துக்கொண்டது அந்தக் கல்யாணத்தில்தான், படம் எடுத்த ஸ்டூடியோவும் இப்போது இல்லை என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். அவர் இருந்த பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு கையும் மிச்சம் இருந்தன.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ மறந்திருக்க மாட்டாய். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ, இதப் போய் கட்டிலுக்கு அடியில வைப்பாளா?" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன், உரிமையில்தான் சொன்னேன். இருந்தாலும் சொன்னேன்.

நீ நிமிர்ந்து பார்த்து, "மழை ஜாஸ்திட்டி. சவத்த விடு," என்று சிரித்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

அடுத்த நவம்பரிலிருந்து உன் தர்பார் ஆரம்பமானது. ஓட்டையில் நீயே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். என் வீட்டுக்காரரை விட்டு ஜெபல் அலி துறைமுகக் கிடங்கிலிருந்து கழித்துப் போட்ட மரப் பலகைத் தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டிகளையெல்லாம் அதன் மேல் ஏற்றினாய். காகிதம் எதுவானாலும் தலைக்கு மேலே. ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து, மெஷின் நம்பரையும் படம் எடுத்து, ஊரில் இருக்கிற தங்கைக்கு அனுப்பிவை என்றாய். குடியிருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு இன்சூரன்ஸ் உண்டு என்று கண்டுபிடித்து, என்னை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினாய். "வந்துட்டாங்கய்யா வெள்ள நிவாரண அதிகாரி," என்று நான் கேலி செய்வேன். கோடையில் நான் மறுபடியும் டேப் ஒட்டுவேன். ஒட்டாதே என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. நவம்பரில் வந்து பிய்ப்பாய், அவ்வளவுதான். ஏன் அவள் என் வீட்டில் மட்டும் இந்தக் கூத்து அடிக்கிறாள், அவள் வீட்டு ஓட்டையை அவள் சோதித்து நான் பார்த்ததே இல்லையே என்று ஒரு தரமாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

இன்று தோன்றியது. டேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேனா, பக்கத்து வீட்டில், அதாவது உன் வீட்டில், புதிதாக வந்திருக்கிற பெண் பின்வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரின் அடியிலிருந்து சோப்பு நுரை என் பக்கம் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க காஸ் சிலிண்டரை நகர்த்தினேன். பின்னால், சுவரின் காலடியில், ஒரு செங்கல் அளவுக்குச் சந்து. நுரை அதன் வழியாக நுழைந்து, என் தரைச் சரிவில் இறங்கி, நேராக என் ஓட்டைக்குள் போனது. கத்தியை வைத்துவிட்டு எழுந்தேன். சுவருக்கு மேலே எட்டி, "உங்க பக்கம் தண்ணி போற ஓட்டை இருக்காம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இல்லையே அக்கா, எல்லாம் உங்க பக்கம்தான் போகுது," என்றாள்.

உன் பக்கம் ஓட்டையே கிடையாது. இரண்டு வீட்டு மழைக்கும் என் வீட்டு ஓட்டைதான் வழி. அதை நான் அடைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறேன்.

சிலிண்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஜனவரியில் ஊரிலிருந்து நான் வந்தபோது டேப் இல்லை. வெள்ளத்தில் போயிருக்கும் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா தெரியாது. நாலு சுற்று டேப் தானாகப் போகுமா? இன்றைக்குக் கத்தி வைத்துச் சுரண்டியே அரை மணி நேரம் ஆனது. நீதான் என் வீட்டுக்குள் வந்து, தண்ணீருக்குள் கையை விட்டுப் பிய்த்திருக்கிறாய்.

பிறகு உள்ளே போய் அலமாரியைப் பார்த்தேன். வெள்ளம் நின்ற கோடு அதில் இன்னமும் இருக்கிறது, டிராயருக்கு ஒரு சாண் மேலே. சான்றிதழில் ஒரு மூலைதான் ஈரம். அப்படியென்றால் தண்ணீர் அவ்வளவு ஏறுவதற்கு முன்பே நீ ஃபைலை எடுத்துவிட்டாய். ஓட்டையைத் திறக்கத்தான் என் வீட்டுக்கு ஓடிவந்திருப்பாய், திறந்தால் உன் வீடும் வடிந்திருக்கும். ஆனால் முதலில் ஃப்ரிட்ஜ் மேல் சாவியைத் தேடி, டிராயரைத் திறந்து, என் காகிதத்தை எடுத்தாய். அதற்கப்புறம்தான் டேப்பிடம் போயிருக்கிறாய். அந்த இடைவெளியில் சுவருக்கு அந்தப் பக்கம் உன் அப்பா கட்டிலுக்கு அடியில் நனைந்துகொண்டிருந்தார்.

ஏன்டி சொல்லவில்லை? எனக்கு ஆத்திரமாக வந்தது, உன் மேலும் என் மேலும். திட்டுவதற்கு நீ இல்லை. அல் கோபாருக்கு உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். டியூட்டியில் இருந்தார். பின்னால் ஏதோ மெஷின் சத்தம். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணாச்சி, அந்த ஆல்பம் என்னாலதான் போச்சு, அவளுக்கே அது தெரிஞ்சிருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல என்றேன்.

அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார் போல, சத்தம் குறைந்தது.

"தெரியும்மா. அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா. நான்கூட கோவப்பட்டேன், அந்தப் புள்ளைகிட்ட சொல்லு, இனிமேலாவது அடைக்காம இருக்கும்னேன். அதுக்கு அவ சொன்னா, 'சொன்னா அவ பெறவு என் வீட்டுக்குள்ள வரமாட்டா, வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிருவா. வருசத்துக்கு ஒருக்க டேப்ப நானே பிச்சிக்கிடுதேன்'னா."

 நீ சொன்னது சரி. என்னை நீ நன்றாகத்தான் அளந்து வைத்திருந்தாய். தெரிந்திருந்தால் நான் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன். தெரியாமல் இத்தனை வருஷம், கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, உன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, ஸ்கூல் கதையெல்லாம் உன்னிடம் அளந்திருக்கிறேன்.