மலருக்கு ஏற்ற எதிராளி

வியாழன் இரவு

குத்துச்சண்டைப் போட்டி நடத்துகிறவர் இன்று என் நெல் கடைக்கு வந்திருந்தார். என் மகள் மலர் மோதிய போன குத்துச்சண்டையைக் காசு கட்டினால்தான் செல்போனில் பார்க்கலாம் என்று விட்டிருந்தார். ஒருவரும் கட்டவில்லை. காரணம் கேட்டார்.

"மூட்டையில குத்தூசி போட்டு நாலு நெல்லைப் பாக்காம எவனாவது வாங்குவானா? எம் பொண்ணை யாருக்குத் தெரியும்? மொதல்ல சும்மா காட்டுங்க. நல்ல ஆளோட மோத விடுங்க" என்றேன்.

"தோத்துட்டா மார்க்கெட் போயிடும்னு எல்லாருமே அவங்கவங்க ஆளைப் பொத்தி வச்சிருக்கோம் சார். மதுரைப் பொண்ணு ஒருத்தி மோத ரெடி. நீங்க சரின்னா செல்போன்ல விட்டுடலாம், இலவசமாவே."

மதுரைப் பெண்ணின் அடியை நான் பார்த்திருக்கிறேன். "அதுக்கில்ல, கொஞ்சம் சின்ன ஆளா பாருங்களேன்" என்று இழுத்தேன்.

கல்லாவில் இருந்த மலர் கேட்டுவிட்டாள். "ஏம்ப்பா, குத்தூசியெல்லாம் அடுத்தவன் மூட்டைக்குத்தானா?"

வந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிடும்போதும் மலரின் கோபம் தீரவில்லை. ஆனாலும் எனக்குக் கண் மங்கல் என்று மீனில் முள்ளெடுத்து என் தட்டில் வைத்தாள். அவள் கைமுட்டியெல்லாம் காய்ப்பு. அதைப் பார்த்துக்கொண்டே, "மதுரைப் பொண்ணையே வரச் சொல்லு" என்றேன்.

"நெசமாவா? பயமா இருந்தா நீங்க வராதீங்கப்பா."

போகாமல் இருப்பேனா? முதல் வரிசையில்தான் உட்காருவேன். நடுவில் கண்ணை மூடிக்கொண்டால் அவளுக்குத் தெரியவா போகிறது.