சஹனின் இடப்பக்கம்

மச்சான்,

இன்று காலை வார்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் உன் மேல் எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. தட்டின் வலது பாதி வெறுமை. இடது பாதியில் சோறும் பருப்பும் மீன் துண்டும் கை படாமல் கிடந்தன. "சாப்பாடு பிடிக்கல்ல போல, சேர். ஆள் நல்லாக் கதைக்கிறார். ஒரு நோய் வருத்தமும் இல்லையாம்" என்றாள் அந்த நோயாளியைப் பரிசோதித்த மாணவி. பாவம், அவள் மேல் எரிந்து விழுந்தேன். அது உனக்குச் சேர வேண்டிய ஏச்சு. இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நீ அல்லவா?

மூளையின் உடற்கூற்றை நீ வகுப்பில் நடத்தினாய், அதன் நோய்களை நான் வார்டில் நடத்தினேன். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே மருத்துவபீடம். இத்தனை வருஷத்தில் நீ ஒரு வாக்குவாதத்தில் தோற்று நான் பார்த்ததில்லை. மீன்காரர் பாரை என்றால், விற்கிறவரிடமே அது பாரை இல்லை என்று நிற்பாய். ஆனால் பாடம் என்று வந்தால் உன்னை அடிக்க ஆளில்லை. பதப்படுத்திய மூளையைக் கையில் ஏந்திக்கொண்டு சொல்வாய்: வலது மூளை இடது உடம்பை ஆள்கிறது, நரம்புகள் கீழே இறங்கும் வழியில் பக்கம் மாறுகின்றன. வலது உச்சி மடல், அதாவது காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள பகுதி, ரத்தம் கிடைக்காமல் செத்தால் கை கால் சோர்வதோடு விடாது. கண் தெரிந்தாலும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அந்த மனிதனுக்கு இல்லாமல் போய்விடும். "நோயாளி சுகமா இரிக்கன் எண்டு சொன்னா, அதையும் ஒரு அறிகுறியா எழுதுங்க" என்பாய். நல்ல வசனம். நானே களவெடுத்துப் பாவித்திருக்கிறேன்.

அந்த வசனத்தை உன் மேலேயே பாவிக்க வைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன்னோடு பிறந்த ராத்தாவின் மகளுடைய கலியாணம். எல்லோருக்கும் பொதுவாகச் சோறு குவித்த சஹன் தட்டைச் சுற்றிப் பாயில் இருந்தோம். உன் இடப்பக்கம் நான், வலப்பக்கம் ஊருக்கே அண்ணனான இறைச்சிக்கடைக் காக்கா. ஒரே தட்டுத்தான் என்றாலும் அவரவர் முன்னால் உள்ளதுதான் அவரவர் பங்கு. அடுத்தவன் பக்கம் கை போகக் கூடாது, எல்லோரும் முடிக்கும்வரை எழும்பவும் கூடாது. நடக்கப் பழகிய நாளிலிருந்து நமக்குத் தெரிந்த ஒழுங்கு. நீயோ உன் பங்கில் வலது பாதியை முடித்துவிட்டு, நேரே காக்காவின் பங்குக்குள் இறங்கினாய். அவருடைய கோழித் துண்டை எடுத்துக் கடித்தாய்.

"என்ன டொக்டர், நம்மட பங்கையும் நீங்களே முடிக்கப் போறீங்களா?" என்றார் அவர், முகம் சிவந்து.

நான் உன்னைக் கூப்பிட்டேன். என் குரல் இடப்பக்கம் இருந்து வந்தது, நீ வலப்பக்கம் திரும்பிக் காக்காவைப் பார்த்து "என்ன?" என்றாய். அப்போதுதான் கீழே பார்த்தேன். உன் இடது கை தொடையிலிருந்து வழுகித் தயிர்க் கோப்பைக்குள் கிடந்தது.

"மச்சான், எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"என்னத்துக்கு? எனக்கு ஒண்டுமில்ல."

"இடது கையத் தூக்கு பாப்பம்."

"தூக்கித்தானே இரிக்கன்."

கை தயிருக்குள்ளேயே இருந்தது. பேச்சை ஆள்வது இடது மூளை, ஆகவே உன் வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை. "சஹன்ல நடுவுல எழும்புறது மரியாதையா? வட்டிலப்பமும் இன்னும் வரல்ல" என்று எனக்கே பாடம் நடத்தினாய். இருந்தவர்கள் எல்லோரும் உன் பக்கம். காக்காவும் இரங்கிவிட்டார். "சாப்பிட விடுங்க டொக்டர், என்ட பங்கையும் திண்டாப் பரவாயில்ல." ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு உள்ள அவகாசம் கொஞ்சம். அது கரைந்துகொண்டிருந்தது, நீங்கள் எல்லோரும் மரியாதை பேசிக்கொண்டிருந்தீர்கள். உன்னோடு வாதாடி வெல்ல எனக்கு ஆயுள் போதாது. எட்டிச் சஹனைப் பிடித்து, சோறோடு கோழியோடு தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் சந்தியில் எனக்குச் 'சஹன் தூக்கின டொக்டர்' என்றுதான் பெயர்.

என்னோடு சண்டை பிடிக்க எழும்பினாய், இடப்பக்கமாகச் சரிந்தாய். முதலில் தாங்கியவர் காக்காதான். அவருடைய வேனில்தான் போனோம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் உன் இடது கையை உன் கண் முன்னால் பிடித்து, "இது ஆர்ர கை?" என்று கேட்டார்.

"இவன்ட" என்றாய் என்னைக் காட்டி. "தயிருக்குள்ள கைய விட்டவனும் இவன்தான்."

ஊசி போட நேரம் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிழைத்தாய், பொல்லு ஊன்றி நடந்தாய். பாதி முகம் சவரம் செய்து, கரும்பலகையில் வலது பாதியில் மட்டும் எழுதி, மறுபடி பாடமும் நடத்தினாய். மெல்ல மெல்ல எல்லாம் திருந்தியது. கையை மட்டும் நீ திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தேநீர் ஊற்றிச் சுட்டுக்கொண்டாய், கதவில் நசுக்கிக்கொண்டாய். நான் ஏசினால், "ஒன்ட கைய நீதான் பாத்துக்கணும்" என்பாய். தோளிலிருந்து தடவிக் காட்டினால், "தோள் என்ட, கை ஒன்ட" என்பாய். மெய்யாகவே நம்பினாயா, என்னை வெறுப்பேற்றச் சொன்னாயா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு நரம்பு நோய் வைத்தியனுக்கு இதைவிட வெட்கக்கேடு வேண்டுமா?

இரண்டாவது தாக்குதல் வாக்குவாதத்துக்கு இடம் வைக்கவில்லை. அடக்கத்துக்கு முன் உன்னைக் குளிப்பாட்டும்போது முறைப்படி வலப்பக்கம் முதலில் முடிந்தது. இடப்பக்கத்துக்கு வந்ததும் உன் மகன் தண்ணீர்க் கோப்பையை என்னிடம் நீட்டினான். "இந்தக் கைய நீங்க கழுவுங்க, சாச்சா. உங்கடதெண்டுதானே வாப்பா சொல்லுவார்." இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. விரலிடுக்கு விரலிடுக்காகக் கழுவினேன்.

இன்று காலை நான் அந்தத் தட்டைத் திருப்பி வைத்தேன். "மீனும் இரிந்திரிக்கே" என்று அந்த மனிதர் மிச்சத்தையும் சாப்பிட்டார். மாணவி அவருடைய இடது கையைத் தூக்கி, யாருடையது என்று கேட்டாள். "புள்ள, இது ஒங்கட கை" என்றார் அவர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இல்லயெண்டு சொல்லவா, சேர்?"

"வாதாடாதீங்க. சூடு படாம, நசுங்காமப் பாத்துக்கங்க. தந்திட்டார்தானே."

அவள் அந்தக் கையைத் தலையணையின் மேல் எடுத்து வைத்தாள். நீ தந்தது என்னிடம்தான் இருக்கிறது, மச்சான்.